பேச்சு நின்ற கணினி

கைவிடப்பட்ட மென்பொருள்களைச் சம்பளமில்லாமல் பழுதுபார்க்கும் குழுவில் அவனும் ஒருவன். எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் பழைய மென்பொருள் ஒன்றை, "இதை யாரும் தொடறதில்லை, தூக்கிடலாம்" என்று குழு வெளியிடும் தொகுப்பிலிருந்து நீக்கியவன் அவன்தான்.

சில மாதங்கள் கழித்து, பார்வையில்லாத அக்காவின் வீட்டுக்குப் போனான். அவள் கதை எழுதும் மடிக்கணினி மூடிக் கிடந்தது.

"ஏதோ அப்டேட் வந்துச்சுடா. அதுலேர்ந்து இது வாயே திறக்கல."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"ஊருக்கெல்லாம் சரிபண்ணிட்டு இருக்க. உன்னை எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு விட்டுட்டேன்."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் நீக்கிய அந்த மென்பொருளை மீண்டும் சேர்த்து, அதற்குத் தானே பொறுப்பேற்று, மெனக்கெட்டுச் சரிசெய்தான். கணினி மறுபடி பேசியது. பாதியில் நின்ற கதையைப் படித்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்கேன்," என்றாள் அக்கா. "அடுத்து என்ன நினைச்சிருந்தேன்னுதான் மறந்துபோச்சு."