பார்டரில் விழுந்த தப்புச் சுரங்கள்

1.
இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, தலையில் கட்டப்பட்டது. ஒரு பத்திரிகை ஆசிரியர் நவசெவ்வியல் இசை பற்றிக் கட்டுரை கேட்டார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து படித்தேன். முதல் உலகப்போருக்குப் பிறகு ஐரோப்பாவில் சில இசைக்காரர்களுக்கு உருகி வழியும் பிரம்மாண்ட இசை அலுத்துவிட்டதாம். இருநூறு வருடத்துப் பழைய நடன அச்சுகளைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். அச்சு பழசு. சுரம் மட்டும் அங்கங்கே வேண்டுமென்றே இடறும்.

கட்டுரை இத்துடன் தீர்ந்துவிட்டது. ஆசிரியர் கேட்டதோ நாலு பக்கம். ஆகவே கதை.

2.
தொடக்கம்: 'தறிச் சத்தத்தில் ஆரணி கண்விழிக்க, கீழ்வானம் ஜரிகையாய்—'

வேண்டாம். எனக்கே கூசுகிறது.

மறுபடி: சார்லிக்கு அடுத்த மாதம் கல்யாணம்.

இது பரவாயில்லை. சார்லி, பட்டு வியாபாரி குமரேசனிடம் டிசைன் வரைகிறவன். கட்டம் போட்ட தாளில் அவன் பொட்டு வைப்பான். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போடுவார்கள். அட்டை சொன்னபடி தறி பூப்போடும். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பான். மணப்பெண் பிரிஸில்லா அதே சர்ச்சின் பாடகர் குழுத் தலைவி. (முதலில் இவளைச் சாந்தமானவளாக எழுதினேன். இரண்டு வரிக்குமேல் அவள் அதில் நிற்கவில்லை.)

அவள் மணக்கோலத்தில் சர்ச்சுக்குள் நடந்து வருவதற்கு சார்லியே ஒரு மெட்டுப் போட்டான். நவசெவ்வியல் மெட்டு.* ஒத்திகையில் வாசித்துக் காட்டினான்.

"இன்னா சார்லி, கீபோர்டுல எலி பூந்துச்சா?"

"இல்ல பிரிஸி, அது வேணும்னே வெச்ச தப்பு."

"ஊரே தெரியாம தப்பு பண்ணிகினு இருக்குது, நீ வேணும்னே வேற பண்றியா? நான் நடந்து வரப்ப அந்த எடத்துல தடுக்கி வுழுந்தா? ஒழுங்கா நேராக்கு. இல்லாட்டி வழக்கமா வாசிக்கிறதே போதும்."

சார்லியின் முகம் தொங்கிப்போனது. எனக்கும் பாவமாக இருந்தது. ஆசையாகப் போட்ட மெட்டு கல்யாணத்தில் ஒலிக்குமா, ஒலிக்காதா? இந்தக் கதையில் இருக்கும் ஒரே கவலை அதுதான், வேறெதையும் தேடாதீர்கள்.

(* அவனுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவனுக்கும் தெரியும். அதாவது, முக்கால் பக்கம்.)

3.
சார்லிக்கு மேல்நாட்டு முறையில் சுரம் எழுத வராது. அதனால் கடையில் டிசைன் வரையும் கட்டத்தாளிலேயே எழுதினான். கீபோர்டின் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு வரிசை, ஒலிக்கும் இடத்தில் ஒரு பொட்டு. அதைக் கடை மேசையில் விட்டுவிட்டு [இங்கே இவனை எங்காவது அனுப்ப வேண்டும்] களம்பூருக்குக் கல்யாண அரிசி சொல்லப் போனான்.

அந்த நேரம் பார்த்துக் குமரேசன் வந்தார். பிரிஸில்லாவின் வெள்ளைப் பட்டுக்கு பார்டர் டிசைன் வரவேண்டியிருந்தது. மேசையில் தாள், தாளில் பொட்டு, வரைந்தவன் மாப்பிள்ளை. ஆரணியில் கட்டத்தாளில் பொட்டு இருந்தால் அது பார்டர்தான். அட்டை போட அனுப்பிவிட்டார்.

புடவை தறியிலிருந்து இறங்கியபோது குமரேசன் கத்தினார்.

"டேய் சார்லி, அங்கங்க பொட்டு ஒதுங்கி நிக்குது. இன்னாடா வரைஞ்ச?"

"அண்ணா, அது டிசைன் இல்லணா. பாட்டு."

"பாட்டா! இத்தினி நாளு ஜரிகையில பாட்டையா நெய்ஞ்சிகினு இருந்தோம்? பேஜாராப் பூட்ச்சேடா!"

பிரிஸில்லா சரியாக அப்போது உள்ளே வந்தாள். (தற்செயல் அதிகம்தான். கதை என்னுடையது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) புடவையை விரித்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"இந்தப் பொட்டுங்க ஒதுங்கி நிக்குது பாருங்கணா, அதான் அழகே. இது இல்லாட்டி எல்லாக் கடையிலயும் இருக்கிற பார்டர்தான்."

சார்லி சும்மா இருந்திருக்கலாம். "அதத்தான் பிரிஸி நீ நேராக்கச் சொன்ன" என்றான்.

அவள் பார்டரில் விரல் வைத்து, பொட்டுக்குப் பொட்டு முணுமுணுத்துக்கொண்டே போனாள். ஒதுங்கிய பொட்டு வந்ததும் நிறுத்தினாள்.

"பொடவை கட்டிக்கிறேன். பாட்டைப் பத்தி அப்புறம் சொல்றேன்."

சொல்லவே இல்லை. கல்யாண நாளும் வந்துவிட்டது.

4.
முடிவு ஒன்று: அவள் சம்மதிக்கிறாள், இருவரும் அழுகிறார்கள். நானும் அழுதேன், பிறகு வெட்கப்பட்டு அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: கரண்ட் போய்விடுகி—

சீ.

மூன்றாவதை எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. கீபோர்டு வாசிக்கிறவன் சார்லி. சார்லியோ மாப்பிள்ளை. கோட்டு மாட்டிக்கொண்டு பீடத்தின் முன்னால் நிற்கிறான். இவ்வளவு தூரம் எழுதிவிட்டு இதை யோசிக்காமல் விட்டிருக்கிறேன். கீபோர்டு நாற்காலி காலி. சர்ச்சே திரும்பிப் பார்க்கிறது.

இந்தக் கதையில் சும்மா இருப்பது நீங்கள் ஒருவர்தான். உட்காருங்கள். வாசிக்கத் தெரியாதா? எனக்கும்தான் கட்டுரை எழுதத் தெரியாது. சுரத்தாள் எங்கே என்று தேடாதீர்கள், அது வாசலில் வந்து நிற்கிறது.

பிரிஸில்லா நடக்கத் தொடங்குகிறாள். அவள் காலடியில் பார்டர் நகர்கிறது. பொட்டைப் பார்த்துக் கட்டையை அழுத்துங்கள், அவள் வேகம்தான் தாளம். பழைய அச்சு, சுகமாகப் போகிறது. இதோ முதல் ஒதுங்கிய பொட்டு நெருங்குகிறது. நேராக்கி வாசித்தால் யாரும் கேட்கப்போவதில்லை. சார்லி கண்ணை மூடிக்கொண்டுவிட்டான்.

பிரிஸில்லா உங்களைப் பார்க்கிறாள். கொசுவத்தை ஒரு கையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்கிறாள், தடுக்கி விழாமல் தாண்டுவதற்குத் தயாராக.

விரல் உங்களுடையது.