பெரிய ஆப்பரேஷனுக்கு மட்டும் இறங்கும் மேசை

குன்னத்துகால் ஊரைத் தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மேட்டில் இருக்கிறது அந்த மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே இருப்பது ஒரே ஒரு ஆப்பரேஷன் தியேட்டர். அதில் இருப்பது ஒரே ஒரு மேசை. அந்த மேசைக்கும் ஜிஷாவுக்கும் சில மாதங்களாக நேரடிச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

ஜிஷா அங்கே மெஷின்களைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன். இசிஜி மெஷின், ஆக்சிஜன் மீட்டர், பச்சைக் குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் பெட்டி, எல்லாம் அவள் கை பட்டால் நல்ல பிள்ளையாக ஓடும். இந்த எண்ணெய் மேசை மட்டும் அவளை மதிக்கவே இல்லை. அதன் வேலை என்னவோ சின்ன வேலைதான். அடியில் இருக்கும் ஒரு பெடலை மிதித்தால் உள்ளே எண்ணெய் அழுத்தம் கூடி மேசை ஏற வேண்டும். பக்கத்துப் பெடலை மிதித்தால் இறங்க வேண்டும். யாரும் மிதிக்காவிட்டால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். இந்த மூன்றாவது வேலையைத்தான் அது செய்ய மாட்டேன் என்றது.

அதுவும் எப்போதும் இல்லை. சீழ்க்கட்டியைக் கீறும்போது அசையாது. கால் விரலில் தையல் போடும்போது கல்லு மாதிரி நிற்கும். கர்ப்பப்பை, பித்தப்பை என்று பெரிய ஆப்பரேஷன் வந்தால் போச்சு, டாக்டர் கத்தியைக் கையில் வாங்கும்போது பார்த்தால் நாலு விரல் தாழ்ந்திருக்கும். ஆப்பரேஷன் சின்னதா பெரியதா என்று ஒரு இரும்பு மேசைக்கு யார் போய்ச் சொன்னார்கள்? ஜிஷாவுக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது.

"எப்பம் தாந்துதுன்னு ஆராவது கண்டியளா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"கண்டா சொல்ல மாட்டமா பிள்ளே?" என்பார் மேட்ரன் புஷ்பபாய். "பாக்கும்போ தாந்து கெடக்கு. ஒனக்க மேசைக்குப் பேய் பிடிச்சிருக்காக்கும்."

தாழ்ந்த மேசையை மறுபடி ஏற்றிய பிறகு, ஆப்பரேஷன் முடியும்வரை அட்டெண்டர் விலாசினி பெடல் பக்கத்தில் காவல் நிற்பாள். பயத்தில் அவள் பாட்டுக்கு ஏற்றும் பெடலை மிதித்துக்கொண்டே இருப்பாள். அதனால் மேசை மறுபடி இறங்கியதா இல்லையா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஜிஷாவும் இரண்டு தடவை தொப்பியும் மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு உள்ளே நின்று பார்த்திருக்கிறாள். அவள் நிற்கும்போதே இறங்கியிருந்தது. அவளும் அதைக் காணவில்லை. இதைவிட அவமானம் வேறு உண்டா?

சர்ஜன் அஜேஷ் மலையாளி, நல்ல மனிதர், ஆனால் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. "ஜிஷா, இனி ஒரு தவணைகூட தாழ்ந்தா தியேட்டரைப் பூட்டும், கேட்டோ. வயிற்றைத் திறந்து வச்சிட்டு மேசையோட நானும் குனிய முடியாது" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் ஒரு குறையும் காண முடியாது.

இந்த நேரம் பார்த்துத்தான் ஜிஷாவின் அப்பா ஞானசிகாமணி ஆப்பரேஷனுக்குச் சம்மதித்தார்.

ஞானசிகாமணிக்கு வெகு நாளாக ஹெர்னியா. ரப்பர் பால் வாளி தூக்கித் தூக்கி வந்தது. வரவர அது பெரிதாகி, இருமினால் இரண்டு கையாலும் அடிவயிற்றைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய நிலைக்கு வந்திருந்தது. குடல் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். ஆனால் அவருக்குக் கத்தி என்ற பேச்சே ஆகாது. ரப்பர் மரத்தில் எத்தனை கத்தி போட்டாலும் கை நடுங்காத மனிதர், தன் தோல் என்று வந்தால் அடியோடு மாறிவிடுவார். முன்பு ஒரு தடவை வேறொரு ஆஸ்பத்திரியில் எல்லாம் தயாரான பிறகு, பச்சை அங்கியோடு பின்வாசல் வழியாக நழுவி, பனச்சமூட்டில் பஸ் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் அவர். ஜங்ஷனில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையார் கூட்டத்துக்கு நடுவே நின்று அறிவித்தார்.

"நான் ஆப்பரேஷன் செய்யப் போறேன். எனக்க மவ கைகொண்டு நன்னாக்குன மேசையாக்கும். அதுல கெடக்க எனக்கு என்ன பயம்?"

ஜிஷாவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"அப்பா, அந்த மேசை தாழுது. எனக்கே காரணம் பிடிபடல்ல. இன்னும் ஒருக்கா தாந்தா தியேட்டரைப் பூட்டிருவாவ. பேசாம காரக்கோணத்துக்குப் போவோம். பெரிய ஆஸ்பத்திரி, நல்ல டாக்டர்மாரு."

"காரக்கோணத்து மேசைய நன்னாக்குதது ஆரு? நீயா?"

"நான் இல்ல."

"அப்பம் நான் அங்க வரல்ல. ஒனக்க மேசை நின்னா நான் கெடப்பேன். தாந்தா எறங்கி வீட்டுக்குப் போவேன். பின்ன என்னிய ஆப்பரேஷனுக்கு விளிக்கப்பிடாது. அவ்வளவுதான் மக்கா."

இந்த மனிதரை என்ன செய்வது? பயந்த மனிதனின் பிடிவாதத்துக்கு முன்னால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆக, அந்த மேசை நிற்க வேண்டும். நின்றால் அப்பாவுக்கு ஆப்பரேஷன். நிற்காவிட்டால் அவர் அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கே திரும்பிப் போவார், என்றைக்காவது ஒருநாள் குடல் மாட்டும். ஜிஷாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவளுக்கு ஒரு வெறியும் பிடித்தது. நீயா நானா என்று பார்த்துவிடுவோம் என்று ஸ்பேனரை எடுத்தாள்.

மேசையின் மேல்பலகையைக் கழற்றி, நடுத்தூணைத் திறந்து, எண்ணெய் உருளையை வெளியே எடுத்துத் துணிமேல் வைத்தாள். எண்ணெய் கசியாமல் தடுக்கும் பழைய ரப்பர் வளையத்தை டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. இருந்தாலும் புதிது மாட்டினாள். வால்வைத் துடைத்து, அதன் சின்ன இரும்புக் குண்டு உட்காரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. புது எண்ணெய் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள் போகும்வரை மிதித்து மிதித்து ஏற்றி இறக்கினாள். தொடை இரண்டும் கழன்றுவிட்டன. கடைசியில் மேசையை ஆப்பரேஷன் உயரத்தில் நிறுத்தி, தூணில், அது ஏறி இறங்கும் இரும்பு வெளிச்சட்டை முடியும் இடத்துக்குச் சற்று மேலே, சிவப்பு டேப் ஒன்றை ஒட்டினாள். மேசை கொஞ்சம் தாழ்ந்தாலும் அந்தச் சிவப்பு சட்டைக்குள் மறையும்.

பிறகு கேன்டீனிலிருந்து அரிசி மூட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி மேசைமேல் அடுக்கினாள். அப்பாவைவிடக் கனம். மாலையில் வைத்ததை மறுநாள் காலையில் ஓடி வந்து பார்த்தாள். சிவப்பு டேப் முழுதாகத் தெரிந்தது! ஒரு நூல்கூட இறங்கவில்லை. ஜிஷா அந்தக் காலித் தியேட்டரில் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள்.

குதித்து முடித்த பிறகுதான் யோசித்தாள். மூட்டைக்கு எப்போதுமே நின்றிருக்கிறதே இந்த மேசை? போன தடவையும் நின்றது, அதற்கு முந்தின தடவையும் நின்றது. மனிதன் ஏறிப் படுத்தால்தானே அதன் குணம் மாறும்?

ஆப்பரேஷன் நாள் காலையில் டாக்டர் அஜேஷ் தெளிவாகச் சொன்னார். "ஆளைக் கிடத்துவோம். முதுகில மரப்பு ஊசி போடுறதுக்கு முன்னாடி மேசையைப் பாப்போம். தாழ்ந்திருந்தா ஊசி இல்லா, ஆப்பரேஷன் இல்லா. சம்மதமா?" ஜிஷா தலையாட்டினாள். தானும் உள்ளே நிற்பேன் என்றாள். டாக்டர் மறுக்கவில்லை.

ஞானசிகாமணி பச்சை அங்கியில் தள்ளுவண்டியில் வந்தார். வரும்போதே வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். மேசைக்கு மாறிப் படுத்ததும் உள்ளங்கையால் அதைத் தட்டிப் பார்த்தார், சந்தையில் மாட்டின் முதுகைத் தட்டுவதுபோல.

"நல்ல மேசையாக்கும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். குரல் மட்டும் நடுங்கியது.

விலாசினி மேசையைத் தேவையான உயரத்துக்கு மிதித்து ஏற்றினாள். மேலே விரித்த பச்சைத் துணி இரண்டு பக்கமும் தரைவரை தொங்கியது. ஜிஷா அதை ஓரமாக ஒதுக்கிச் சிவப்பு டேப்பைப் பார்த்தாள். இருந்தது. இனிமேல் இதைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

"ஜெபிப்போம்" என்றார் மேட்ரன் புஷ்பபாய்.

அந்த ஆஸ்பத்திரியில் ஜெபம் இல்லாமல் கத்தியைத் தொடுவது கிடையாது. எல்லோரும் மேசையைச் சுற்றி நின்று தலையைக் குனிந்து கண்ணை மூடுவார்கள். மேட்ரன் நோயாளியின் நெற்றியில் கைவைத்து ஜெபிப்பார். ஜிஷாவின் கண்ணும் தானாக மூடிக்கொண்டது. ஓய்வுநாள் பள்ளியில் ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்து, தொடையில் கிள்ளு வாங்கி வளர்ந்த பிள்ளை வேறு எப்படி இருப்பாள்?

மேட்ரன் அன்றைக்கு விசேஷமாகவே ஜெபித்தார். நம்ம ஜிஷாவின் அப்பா அல்லவா. அவருடைய குடும்பத்துக்காக, டாக்டரின் கைகளுக்காக, ஞானசிகாமணி ரப்பர் வெட்டும் தோட்டத்துக்காக என்று ஜெபம் நீண்டுகொண்டே போனது. இடையிடையே அப்பா, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று முனகினார். அந்த நடுங்கிய குரலைக் கேட்டதும் ஜிஷாவுக்குச் சுரீர் என்றது. அடிப் பாவி, எல்லோரும் கண்ணை மூடினால் மேசையை யார் பார்ப்பது?

ஆண்டவர் மன்னிக்கட்டும் என்று ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

நின்றபடி டேப் தெரியவில்லை. சத்தம் போடாமல் குந்தி உட்கார்ந்து, தொங்கிய துணியை விலக்கித் தலையை உள்ளே நீட்டினாள். சிவப்பு டேப்பில் பாதியைக் காணோம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மிச்சப் பாதியும் மெல்ல மெல்ல வெளிச்சட்டைக்குள் போனது. கடைசியில் அது இறங்குவதைக் கண்ணால் கண்டுவிட்டாள்! ஏன் இறங்குகிறது? கசிவு எங்கே? கண்ணை அப்படியே கீழே ஓட்டினாள்.

அங்கே, இறக்கும் பெடலின் மேல், ஒரு ரப்பர் செருப்பு. செருப்புக்குள் ஒரு கால். எதிர்ப்பக்கம் நின்ற மேட்ரன் புஷ்பபாயின் கால்.

"கர்த்தாவே" என்று மேலே குரல் உயரும்போதெல்லாம் மேட்ரன் உருக்கமாக முன்னால் சாய்ந்தார். சாயும்போதெல்லாம் கட்டைவிரல் பெடலை அழுத்தியது. அழுத்தும்போதெல்லாம் மேசை ஒரு நூல் இறங்கியது. சீழ்க்கட்டிக்கு நாலு வரி ஜெபம். பெரிய ஆப்பரேஷனுக்கு நீண்ட ஜெபம். அரிசி மூட்டைக்கோ ஜெபமே கிடையாது!

"அக்கா, காலு! கால எடுங்க!"

ஜெபம் நின்றது. அந்தத் தியேட்டரில் ஜெபத்தை ஒருவர் பாதியில் நிறுத்தியது அதுவே முதல் தடவையாக இருக்கும். எல்லோரும் கண்ணைத் திறந்து, மேசைக்கடியில் தலையைவிட்டுக் கிடந்த ஜிஷாவைப் பார்த்தார்கள்.

"எனக்க காலா?" என்றார் மேட்ரன்.

"ஒங்க காலு பெடல்ல இருக்கு! அசையாதீங்க, அப்பிடியே நில்லுங்க, டாக்டரே, குனிஞ்சு பாருங்க!"

டாக்டர் அஜேஷ் குனிந்தார். விலாசினி குனிந்தாள். கடைசியாக மேட்ரனும் துணியைத் தூக்கித் தன் காலைத் தானே பார்த்தார், அது வேறு யாருடைய காலோ என்பதுபோல.

"எனக்க கர்த்தாவே, நானா? முட்டு வேதனைன்னு ஜெபிக்கும்போ ஒரு கால தூக்கி வைப்பேன். துணிக்கடியில ஏதோ கட்டை கெடக்குன்னு நெனச்சேனே!" அவர் முகம் சிவந்து, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். "பேய் பேய்னு நானே சொல்லிட்டு நடந்தேனே!"

"நானும் ரெண்டு தவண இங்கதான் நின்னேன் அக்கா, நல்லா கண்ண மூடிட்டு" என்றாள் ஜிஷா. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நாளைக்கே பெடலுக்கு ஒரு மூடி வெல்டு பண்ணுதேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "காரணம் இதுதானான்னு உறுதியாகணும். மேசையை ஏத்துங்க. மேட்ரன், இன்னும் ஒருக்கா ஜெபிக்கணும். முதல்ல இருந்து, ஒரு வார்த்தை குறையாம."

ஜிஷா மேசையை மிதித்து ஏற்றினாள். தொங்கிய துணியைச் சுருட்டி மேலே செருகினாள். சிவப்பு டேப் எல்லோருக்கும் பளிச்சென்று தெரிந்தது. மேட்ரன் முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் இரண்டு காலையும் தள்ளித் தரையில் ஊன்றி நின்றார். ஞானசிகாமணியின் நெற்றியில் மறுபடி கைவைத்து ஆரம்பித்தார்.

இந்தத் தடவை ஒருவரும் கண்ணை மூடவில்லை. ஜெபித்துக்கொண்டே மேட்ரன் டேப்பைப் பார்த்தார். டாக்டர் பார்த்தார், விலாசினி பார்த்தாள், ஜிஷா மூச்சுவிடாமல் பார்த்தாள். குடும்பத்துக்காக ஜெபித்தபோது டேப் இருந்தது. டாக்டரின் கைகளுக்காக ஜெபித்தபோதும் இருந்தது. தோட்டத்தையும் கடந்து, போன தடவை விட்டுப்போன அயல்வீட்டுக்காரர்களையும் சேர்த்து ஜெபம் போனபோதும் அது அங்கேயே இருந்தது. அத்தனை பேர் நின்ற அந்த அறையில் கண்ணை இறுக மூடியிருந்தவர் மேசைமேல் கிடந்த ஒருவர் மட்டும்தான்.

"ஆமென்" என்று எல்லோரும் சொன்ன சத்தத்தில் கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது.

ஞானசிகாமணி கண்ணைத் திறக்காமலே கேட்டார். "தாந்துதா மக்கா?"

"இல்லப்பா. அப்படியே நிக்குது."

அவர் இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, யாரும் பிடிக்காமல் தானே எழுந்து உட்கார்ந்து, டாக்டர் பக்கம் முதுகைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்பம் ஊசியக் குத்தச் சொல்லு."