ஆஷ்வெல் ஐயாவின் வாய்ப்பூட்டு

பிற்காலத்தில் சீமையில் தமிழ்ப் பேராசிரியராக உட்கார்ந்தாரே எங்கள் ஆஷ்வெல் பாதிரியார், அவரை அந்த நாற்காலியில் ஏற்றியது யார் தெரியுமா? பண்டிதர்கள் என்று எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும். வினிஃப்ரெட் நான் சொல்கிறேன், மலாயாவில் எங்கள் ஜொகூர் பாருவின் தெருக்குழாய்தான்.

ஜப்பான்காரன் காலம். வெள்ளைக்காரர்களையெல்லாம் சிறையில் அடைத்தவர்கள், இவரை மட்டும் ஏதோ தயவில் வெளியே விட்டிருந்தார்கள். சம்பளம் கிடையாது, சமையல்காரன் கிடையாது. தினமும் வாளியைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வரிசையில் நிற்பார். முந்தினால் விடுவோமா? எங்கள் தமிழிலேயே வாய்ச்சண்டைதான்!

கோயிலில் மட்டும் இங்கிலீஷில் பிரசங்கிப்பார். உபதேசியார் பெர்னார்ட் வரிக்கு வரி தமிழில் சொல்வார். அதுதான் எங்கள் வழக்கம். அதற்கு வந்தது வினை. இனி இங்கிலீஷ் கூடாது; ஞாயிறன்று ஜப்பான் அதிகாரி வருவார்; பாதிரி தன் வாயாலேயே தமிழில் பேசவேண்டும்; இல்லையென்றால் கோயில் உப்புக் கிடங்கு என்று உத்தரவு. என் பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்ற கோயில்!

அன்று அதிகாரி முன்னால் உட்கார்ந்தான், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் தங்கராஜு. ஐயா பிரசங்க பீடத்தில் ஏறி, "அன்பார்ந்த சபையோரே" என்றார். அவ்வளவுதான். வியர்த்துக் கொட்டியது, அடுத்த வார்த்தை வரவில்லை. அதிகாரி எழுந்துவிட்டான்.

ஆராதனை நடுவில் பெண்கள் பேசக்கூடாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதெல்லாம் எங்கே நினைவிருந்தது?

"என்னங்கையா, நேத்து கொழாயடியில என்னைய அந்தக் கிழி கிழிச்சீங்களே, அந்த வாய் எங்க போச்சு?"

ஐயாவின் முகம் சிவந்தது. "நீ வாளிய முன்னால தள்ளுனா சும்மா விடுவாங்களா?"

சபை கொல்லென்று சிரித்தது. அவர் நிறுத்தவில்லை.

"அன்னிக்கும் இப்படித்தான்லா! ஊர்ப்பட்ட கூட்டம், பசி. கையில அஞ்சு ரொட்டி, ரெண்டு மீனு. நாமளா இருந்தா அடிச்சிக்குவோம். ஆண்டவர் என்ன பண்ணாரு? யாரையும் போகச் சொல்லல. எல்லாரையும் உக்கார வச்சாரு."

சிரித்தவர்கள் அழத் தொடங்கினோம். பட்டினியில் பிள்ளையைப் பறிகொடுத்த லூசி வாய்விட்டு அழுதாள்.

அதிகாரி தங்கராஜுவிடம் ஏதோ கேட்டான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னார். அதிகாரி எங்களையே பார்த்தான்; அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

"என்னாச்சு, சொல்லுங்க!" என்றேன்.

"இவரு பேசுறது தமிழான்னு கேட்டான். எங்க வீட்டுல பேசுற தமிழுன்னேன். கோயில் ஒங்களுக்குத்தானாம்க்கா!"

ஜெயித்துவிட்டோம்! கீர்த்தனையை எடுத்தோம் பாருங்கள், சுருதியாவது தாளமாவது! ஐயா பீடத்தை விட்டு இறங்கி வந்து, பெண்கள் பக்கத்துப் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினார்.