துணிக்குப் பின்னால் உட்கார்ந்த சனம்

ரொகாயாவுக்குப் படம் ஒரு சாக்குதான். திங்கட்கிழமை நகரத்தில் விசாரணை. ஜாவாவின் வடகரையில் இருக்கும் இந்தக் குப்பத்திலிருந்து நாற்பது பேராவது போய் நிற்க வேண்டும். இல்லையென்றால் கடலைத் தூர்த்துத் துறைமுகம் கட்டுவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் நண்டுக்கு எங்கே போவது? இதே வம்பில் மாட்டிய வேறொரு கரையைப் பற்றி நாலைந்து பிள்ளைகள் கைக்காசு போட்டு எடுத்த படத்தை, கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

நண்டு உரிக்கும் கொட்டகைக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டிப் பாய் விரித்தாள். வழியில் மேசை போட்டு வருகைப் பதிவேடும் பேனாவும் வைத்தாள். அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும். குப்பத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் பதிவேடு அவள் பொறுப்பு. அந்தப் பழக்கம்தான் வினையாயிற்று.

அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்து சனம் வந்தது. மேசையைப் பார்த்ததும் நின்றது. அப்படியே சுற்றிக்கொண்டு துணிக்குப் பின்னால் போய் மணலில் உட்கார்ந்துவிட்டது. பாயில் ரொகாயாவும் ஒரு பூனையும்தான் மிச்சம்.

"அங்கேருந்து பாத்தா எழுத்தெல்லாம் இடம் வலமாத் தெரியுமே!"

"எழுத்தை எவன் பாக்க வந்தான்? நீ போடு தாயி," என்றார் படகுக்காரர் தஸ்ரிபின்.

வயிற்றெரிச்சலோடு படத்தைப் போட்டாள். திரையில் ஒரு கிழவர் வலை பின்னிக்கொண்டே பேசினார்: "வந்தவங்க பேரு எழுதணும்னாங்க. கையெழுத்துப் போட்டோம், பலகாரப் பொட்டி குடுத்தாங்க. இப்போ அதே தாளைக் காட்டி, நீங்கதானே சம்மதிச்சீங்கங்கிறாங்க."

துணிக்குப் பின்னால் தஸ்ரிபின் மனைவி குனியாவின் குரல் கேட்டது: "உங்க பொட்டியில என்னய்யா இருந்துச்சு? எங்களுக்கு ஒரு காஞ்ச பன்னுதான்."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ரொகாயா சிரிக்கவில்லை. படத்தை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போனாள்.

"நம்ம தாளையுமா அப்படிப் பண்ணிட்டாங்க? போன வருசம் துறைமுகக்காரங்க கூட்டத்துல நான் எழுதி வாங்கினதையா?"

தஸ்ரிபின் தலையைச் சொறிந்தார். "போன வாரம் துறைமுக ஆபீஸ்ல காட்டினாங்க. உன் எழுத்து அழகா இருக்குன்னு வேற சொன்னாங்க."

"ஏன்ணே எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ சோறு திங்க மாட்டேன்னு ஊரே பேசி வெச்சுக்கிச்சு," என்றாள் குனியா. "உன் மேல கோவம் இருந்தா படம் பாக்க வந்திருப்போமா, கிறுக்கி?"

ரொகாயாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இப்படியும் மனிதர்கள் இருப்பார்களா என்றிருந்தது. இவர்களிடம் எந்த முகத்தோடு திங்கட்கிழமை வரச் சொல்வது?

தஸ்ரிபின் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "தாள் வேணாம். போன்ல எங்களைப் படம் புடி. பேரைச் சொல்லி, சம்மதமில்லை, திங்கக்கிழமை வர்றோம்னு வாயால சொல்றோம். வாயை வெட்டி எந்தத் தாள்ல ஒட்டுவாங்கன்னு பாப்போம்."

அவள் போனை எடுத்தாள். குனியா அதைப் பிடுங்கி அவள் பக்கமே திருப்பினாள்.

"எல்லார் பேரையும் எழுதினியே, அந்தத் தாள்ல உன் பேரு இல்லையாம்டி. மொதல்ல நீ சொல்லு."

ரொகாயா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் பெயரைச் சொன்னாள். அவள் முடிப்பதற்குள் பக்கத்திலிருந்தவர் தன் பெயரைச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.