அடுத்த சட்டை உரியட்டும்

என் போவா பாம்பு என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டு வூபெனா அம்மா வீட்டுக்கு நான் போக ஆரம்பித்து ஒன்றரை வருடமாகிறது. ஜெர்மனியில் எங்கள் எம்டன் வட்டாரத்தில் பாம்பு வளர்ப்பவர்களுக்கு நிறத்தில் சந்தேகம் வந்தால் அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள். என்னுடையது சாதாரணப் பழுப்பா, கருமை குறைந்து சிவப்போடும் வகையா என்பது கேள்வி. குட்டியில் சொல்ல முடியாது, சட்டை உரிக்க உரிக்கத்தான் நிறம் தெளியும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

நிறம் கிடக்கட்டும், எனக்கு அது பெரிதில்லை. துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ரொட்டிக்கடைப் பெண் ஒருத்திதான் என்னோடு பேசுகிறாள், அதுவும் மீதிச் சில்லறைக்கு மேல் ஒரு வார்த்தை வராது. வீட்டில் எப்போதாவது இருமினால் என் குரலே எனக்கு யாரோ மாதிரி இருக்கிறது. வூபெனா அம்மா வீட்டிலோ கற்கண்டு போட்ட தேநீர் மூன்று கோப்பை, கூடவே திட்டு.

"ஃபோல்கர்ட், இப்படித் தீனி போட்டா இது பாம்பா இருக்காது, தலகாணி ஆயிடும்."

"நீங்க நிறத்தப் பாருங்கம்மா, இடுப்பப் பாக்காதீங்க."

இதற்காகத்தான் போவேன். வேறெதற்கு?

சங்கடம் என்னவென்றால், பாம்பு வளர வளரச் சட்டை உரிப்பது குறையும். முதலில் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தேன். இந்தத் தடவை மூன்று மாதம் ஆகிவிட்டது. உரிப்பதற்கு முன் கண் வெளுக்கும். சனியன், எப்போதடா வெளுக்கும் என்று தினமும் கண்ணாடித் தொட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தேன். காரணமில்லாமல் இன்னொருவர் கதவைத் தட்டுவது எங்கள் ஊரில் யாருக்கும் வராது. எனக்குச் சுத்தமாக வராது.

ஒருவழியாகச் சட்டை உரித்ததும் நேற்று பாம்புப் பெட்டியோடு போனபோது, லேர் ஊரிலிருந்து ஓர் இளம் தம்பதி பிறந்து சில வாரங்களே ஆன குட்டியோடு வந்திருந்தார்கள். வூபெனா அம்மா அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"சாதாரணம்," என்றார்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்களேன்," என்றாள் அந்தப் பெண்.

"பாத்தாச்சு. இதுக்கு மேல பாக்க என்ன இருக்கு? எடுத்துட்டுப் போங்க."

அவர்கள் முகம் தொங்கிப்போய்க் கிளம்பினார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒரே பார்வை, அதுவும் குட்டியிலேயே. அப்படியானால் என் பாம்பு? கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வந்துவிட்டால் அடுத்த முறை எதைச் சொல்லிக்கொண்டு இங்கே வருவேன்? வாயை மூடிக்கொண்டு பெட்டியை மேசையில் வைத்தேன்.

அவர் பாம்பை ஜன்னலோரம் தூக்கிப்போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேநீர் ஆறிப்போகும்வரை பார்த்தார்.

"இன்னும் பிடிபடல. அடுத்த சட்டை உரியட்டும்."

"இனிமே அது லேசுல உரியாதும்மா. நாலஞ்சு மாசம் ஆகும்."

அவர் பாம்பைப் பெட்டியில் விட்டுவிட்டு உள்ளறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் சின்னப் பெட்டி. அதற்குள் விரல் கனத்தில் ஒரு போவாக் குட்டி, நானே சொல்லிவிடக்கூடிய சாதாரணப் பழுப்பு. என் பக்கம் நகர்த்தினார்.

"இதையும் கொண்டுபோங்க. குட்டிதான, மாசாமாசம் உரிக்கும். இது என்ன நிறம்னு எனக்குச் சத்தியமா தெரியல."