வராத சேவல்

1

இந்தக் கதைக்குக் காரணம் என் தங்கை நக்கு. மசாக்கா நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், வாதங்களில் ஒளிந்திருக்கும் ஓட்டைகளைப் பிடிக்கக் கற்பிக்கிறாள். "என்னைப் பொண்ணு கேட்டு வந்த அன்னைக்கு நீங்க பேசினதை அப்படியே எழுதிக் கொடுங்கண்ணா, பாடத்துக்கு ஆகும்" என்றாள். எங்கள் புனுகுப்பூனைக் குலத்தில் யாரும் பாடமானதில்லை. ஆகவே கதையாக எழுதுகிறேன்.

முதல் வரி: 'மாப்பிள்ளை வீட்டாரின் வெள்ளை அங்கிகள் வரிசையாக நுழைந்த அந்தப் பொன்னான காலையில்...'

(வேண்டாம். எங்கள் வீட்டு விசேஷத்துக்குப் பொன்பூச்சு தேவையில்லை.)

2

பெண் கேட்டு வந்தவர்கள் வாழைக்குலை, சர்க்கரை, துணி எல்லாம் இறக்கினார்கள். பெண்ணின் அண்ணனான எனக்குரிய சேவல் மட்டும் இல்லை. அது என் கைக்கு வராமல் சம்பந்தம் முடியாது. வழியில் கூடையிலிருந்து பறந்துவிட்டதாம்.

"இன்னைக்குச் சேவலை விட்டவன் நாளைக்குப் பொண்டாட்டியை விடுவான். அப்புறம் பிள்ளைங்களை. கடைசியில குடும்பமே தெருவுல நிக்கும்" என்றேன்.

அழைக்கும்வரை மணப்பெண் நக்கு திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து பேசக்கூடாது. அத்தை வந்து என் காதில் சொன்னாள்: "கூடையிலேருந்து தெரு வரைக்கும் எந்த வண்டியில போனீங்கன்னு கேக்குறா."

அவர்கள் பேச்சாளன் முகலுலா எழுந்தான். "ஐயா, உங்க கல்யாணத்துல நீங்க கொண்டுபோன சேவலுக்கு ஒரு கண்ணு தெரியாதாமே."

(உண்மைதான். அதனால் இவர்கள் கூடை நிறைந்துவிடுமா?)

அவனே தொடர்ந்தான்: "ஒண்ணு, பொண்ணைக் கொடுங்க. இல்லே, எங்க வெட்டுக்கிளிக் குலத்தைப் பிடிக்கலேன்னு சொல்லிடுங்க."

"மூணாவதா, சேவலைக் கொண்டு வரலாம்" என்றேன். திரைக்குப் பின்னால் நக்குவின் சிரிப்பு கேட்டது.

3

[இங்கே முகலுலாவை மூடனாக எழுதியிருந்தேன். அவன் மூடனில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.]

வெளியே போன முகலுலா சற்று நேரத்தில் சேவலோடு வந்தான். செந்நிறம், வளைந்த கொண்டை, ஒரு விரல் இல்லாத கால். என் வீட்டுக் கொல்லைச் சேவல். எனக்குத் தெரிந்தது, அத்தைக்கும் தெரிந்தது.

"நக்கு அழுவுறாப்பா" என்றாள் அத்தை.

அழுகை வாதமாகாது என்று கற்பிப்பவளே அவள்தான்.

4

முடிவு ஒன்று: "இது என் சேவல்" என்றேன். வந்தவர்கள் வாழைக்குலையைத் திரும்பத் தூக்கி... (நக்குவின் முகத்தை எழுத வரவில்லை.)

முடிவு இரண்டு: இரு கைகளையும் நீட்டினேன். என் சேவலையே எனக்குச் சீராக... (எங்கள் குலத்தில் இதை எழுத முடியாது.)

நடந்ததை நான் சொல்லப்போவதில்லை, நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். இன்று காலையும் அந்தச் சேவல் என் கொல்லையில் கூவியது. அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். வாங்கியிருந்தாலும் அங்கேதான் கூவும். வாங்காவிட்டாலும் அங்கேதான்.