சங்கரபாண்டியன் போனில் சொல்ல வேண்டிய ஒரு வரி

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒட்டுக் கேட்டேன். சிவகாசியில் சங்கரபாண்டியனின் காலண்டர் பிரஸ்ஸில், அவருடைய கண்ணாடி அறைக்குள்ளேயே, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு ஒட்டுக் கேட்டேன். என்னை எழுந்து போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தினசரி காலண்டர் தாளில் நீங்கள் படிக்காமலே கிழித்துப் போடும் பொன்மொழிகளை எழுதுகிறவன் நான். அந்த அறையில் எனக்கும் மேஜைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

‘லண்டனில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கணவனைப் பிரிந்த பிரீத்திகா ஜன்னலோரம் நின்று, கண்ணீர்’

[நிறுத்திவிட்டேன். நடப்பது ஆடி மாதம். அங்கே வெயில் காலம். அவள் இருப்பது லண்டனும் இல்லை, கவென்ட்ரி.* கண்ணீரும் இல்லை. வீடியோ காலில் பிரெட்டைக் கடித்துக்கொண்டேதான் பேசினாள்.]

* சிவகாசிக்கு இங்கிலாந்து முழுவதுமே லண்டன்தான். நானும் இனி அப்படியே எழுதுகிறேன், வம்பு எதற்கு?

2

கதையை அப்பாவின் பக்கத்திலிருந்து சொல்வதுதான் எனக்கு வசதி. அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்.

சங்கரபாண்டியனுக்குப் பிரீத்திகா ஒரே மகள். கல்லூரி முடித்த கையோடு பிரஸ்ஸுக்கு வந்தவள், கல்யாணம் ஆகும்வரை சீசன் சீசனாக அங்கேயே கிடந்தாள். முருகனின் மயில் எந்த நீலத்தில் வர வேண்டும் என்று அவள் சொன்ன பிறகுதான் மிஷின் ஓடும். காலண்டர் ஆர்டர் கொடுக்கும் சேலத்துப் பார்ட்டி இன்றைக்கும் போன் செய்தால் பாப்பா இருக்காங்களா என்றுதான் கேட்கிறார். அவள் லண்டனில் இருக்கிறாள் என்று சொல்லும்போது சங்கரபாண்டியனின் நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

அந்த லண்டன்தான் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. கணவன் ஹரிஷ்குமாரின் வேலை விசாவில், மனைவி என்ற பெயரில் ஒட்டிக்கொண்டு போனவள் அவள். இருவரும் பிரிந்துவிட்டார்கள். [காரணத்தை மூன்று பத்திக்கு எழுதினேன். மூன்றிலும் அவனைக் குடிக்க வைத்தேன். அவன் குடிக்க மாட்டானாம். வீட்டில் அவளோடு பேசவும் மாட்டானாம். பேசாதவனை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது?] பிரிந்ததும் முதல் வேலையாக அந்த ஊர் அரசாங்கத்துக்கு முறைப்படி தகவல் கொடுத்துவிட்டான். பேசியது அந்த ஒரு முறைதான் போலிருக்கிறது. அவளுக்குக் கெடு வந்துவிட்டது. அதற்குள் வேறு யாராவது ஸ்பான்சர் செய்தால் அவள் தங்கலாம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சாக்லேட் டப்பா அச்சடிக்கும் கம்பெனி ஒன்று அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. அச்சுத்தொழில் உண்மையிலேயே தெரியுமா என்று, முன்பு வேலை பார்த்த இடத்துக்குப் போன் போட்டுக் கேட்பார்களாம்.

முன்பு வேலை பார்த்த இடம் அப்பாவின் பிரஸ்.

3

இதிலே என்ன கஷ்டம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். இந்த மாதிரி போன்களில் சங்கரபாண்டியன் கைதேர்ந்தவர். அவருடைய அக்கா மகன் பாண்டிராஜ் துபாயில் வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது அங்கிருந்தும் கேட்டார்கள். அவன் பிரஸ்ஸுக்கு வந்ததெல்லாம் ஆயுத பூஜைக்குப் பொரி தின்ன மட்டும்தான். நான் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்ததை இவர் அப்படியே வாசித்தார்: பாண்டிராஜ் ஐந்து ஆண்டுகள் எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர், அவர் போனது எங்களுக்குப் பேரிழப்பு. வாசிக்கும்போது குரல்கூடத் தழுதழுத்தது. அதன்பிறகு சொந்தத்தில் யார் வெளிநாடு போனாலும் பிரஸ்ஸுக்குப் பேரிழப்புதான்.

இதே மனிதர் வீடியோ காலில் மகளிடம், “பொய் சொல்லச் சொல்லுதியாம்மா?” என்று கேட்டார்.

[இந்த இடத்தில் பாத்திரம் நம்பும்படி இல்லை என்று வாசகர் சொல்வார். வாசகருக்குச் சொந்தக்காரர்களே இல்லை போலும்.]

எது பொய் என்று அவள் கேட்டாள். அவள் வேலையா பார்த்தாள், சொந்த பிரஸ், வந்துபோய் இருந்தாள், அவ்வளவுதானே என்றார். மகளை வேலைக்கு வைத்திருந்தான் சங்கரபாண்டியன் என்று ஊர் பேசாதா? மாப்பிள்ளையிடம் சொல்லி விசாவில் மட்டுமாவது சேர்ந்திருக்க முடியாதா என்றும் கேட்டார். அவன்தான் அரசாங்கத்திடமே சொல்லிவிட்டானே என்றாள் அவள்.

சாப்பாட்டுக் கேரியரோடு வந்த பத்திரகாளி, அவர் மனைவி, அதை மேஜையில் வைக்கவில்லை. “பொரி திங்க வந்தவன் மேனேசரு, மையிலயே கெடந்தவ வந்துபோனவளா? நல்லாச் சொல்லுதீக.”

பிரீத்திகா பிரெட்டைக் கீழே வைத்தாள். “அப்பா, அவுக கேட்டா எம் மகள்னு சொல்லிராதீக, பெத்தவுக சொன்னா நம்ப மாட்டாக. இங்கன வேலை பாத்தவள்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்.”

சங்கரபாண்டியனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஊரெல்லாம் தம் மகள் என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டவரிடம், அதைச் சொல்லாதே என்று மகளே கேட்கிறாள். எனக்கே பாவமாக இருந்தது. பொன்மொழி எழுதுகிறவனுக்கு இது அடிக்கடி நேர்வதில்லை.

4

முடிவு அ: அப்பா கண்ணீர் மல்க மன்னிப்புக் கேட்கிறார். [அவர் கடைசியாகக் கண்கலங்கியது பேப்பர் விலை ஏறியபோது.]

முடிவு ஆ: பிரீத்திகா ஊர் திரும்பி, பிரஸ்ஸைத் தன் கையில் எடுத்து, மயில்கள் மீண்டும் நீலமாகின்றன. [சொந்தக்காரர் எல்லோருக்கும் பிடித்த முடிவு. திரும்பி வந்தால் மறுபடியும் வந்துபோய்தான் இருப்பாள். அதற்கு விசாகூட வேண்டாம்.]

முடிவு இ: ஹரிஷ்குமார் மனம் திருந்தி

[இல்லை.]

5

மேஜை மேல் போன் அடிக்கிறது. வெளிநாட்டு நம்பர்.

சங்கரபாண்டியன் வீணாய்ப்போன புரூஃப் தாள் ஒன்றைத் திருப்பி என் பக்கம் தள்ளுகிறார். வழக்கம்போல ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ‘பிரீத்திகா எங்களிடம் வேலை பார்த்தார்’ என்று முதலில் தமிழில் எழுதுகிறேன். எட்டிப் பார்த்தவர் ‘வேலை பார்த்தார்’ என்பதை அடித்துவிட்டு ‘ஒத்தாசையாக இருந்தார்’ என்று எழுதுகிறார். ஒத்தாசைக்கு அங்கே விசா தர மாட்டார்கள் அண்ணாச்சி என்கிறேன். பத்திரகாளி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அவர் தாம் எழுதியதைத் தாமே அடிக்கிறார். தாளின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறார். அதில் ஒரு மயில், பச்சையாக.

“அவ போனதுல இருந்து ஒரு மயிலு ஒழுங்கா வரல சார்,” என்கிறார் மெதுவாக. “அத இங்கிலீசுல எப்படிச் சொல்ல?”

அதற்கு எனக்கு இங்கிலீஷில் பேரிழப்பு என்ற ஒரு சொல்தான் தெரியும். அதைப் பாண்டிராஜுக்குக் கொடுத்துவிட்டோம்.

போன் இன்னும் அடிக்கிறது. தாளையும் பேனாவையும் உங்கள் பக்கம் தள்ளிவிட்டேன். ஒரு வரி போதும், சீக்கிரம் எழுதுங்கள். மகள் என்ற சொல் மட்டும் வந்துவிடக் கூடாது.